முதுகில் தட்டுவதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருப்பதை ஸ்கோலியோசிஸ் என்கிறார்களே, அதற்காக ஒரு பிசியோதெரபிஸ்டிடம் வருகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "வளைவைத் தாங்கிப் பிடிக்க உடம்பில் மாட்டும் பெல்ட்டும் வேண்டாம், ஆபரேஷனும் வேண்டாம். ஒழுங்காக உட்கார்ந்து பழகினால் சரியாகிவிடாதா?" கேட்பவர் அம்மாவாக இருப்பார். பக்கத்தில் பதின்மூன்று வயது மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டு முடிப்பதற்குள் அவள் முதுகில் ஒரு தட்டு விழும். "பாருங்க, இப்பக்கூடக் கூனிக்கிட்டுத்தான் இருக்கா!"

அந்தத் தட்டைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். அவள் கூனி உட்கார்ந்ததால் இந்த வளைவு வரவில்லை. புத்தகப் பை சுமந்ததாலும் வரவில்லை. பத்தில் எட்டுப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. மளமளவென்று உயரம் கூடும் வயதில் தலைகாட்டும். வளைவு அதிகமாகும் வாய்ப்பு பெண் பிள்ளைகளுக்கே கூடுதல். எலும்புகள் பக்கவாட்டில் சாய்வதோடு திருகவும் செய்கின்றன. குனியச் சொன்னால் ஒரு பக்க விலா மேடாகத் தெரிவது அதனால்தான். "நிமிர்ந்து உட்கார்" என்று அதட்டினால் நெஞ்சைத் தள்ளி விறைப்பாள். திருகல் அப்படியே இருக்கும். இரண்டு நிமிடத்தில் களைத்துச் சாய்வாள், அதற்கும் ஒரு திட்டு.

அப்படியானால் உட்காரும் முறையால் பயனே இல்லையா? உண்டு. வலி குறையும், களைப்பு குறையும், ஒரே பக்கம் விழும் பாரம் பிரியும். எலும்பில் ஏறிவிட்ட வளைவை மட்டும் அது கரைக்காது. இதை இன்னொரு முறையும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கத்தரீனா ஷ்ரோத் என்ற பெண்மணியின் கதையை எங்கே பேசினாலும் சொல்லிவிடுவேன். 1894-ல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பிறந்தவர். அவருக்கே முதுகு வளைவு. 16 வயதில் எஃகுச் சட்டம் மாட்டினார்கள். அது பிடிக்காமல் யோசித்துக்கொண்டிருந்தவருக்கு ஒரு பலூன் வழிகாட்டியது. அமுங்கிய பலூனை ஊதினால் குழி எழும்பி வருகிறதே, என் முதுகில் குழிந்த பக்கத்துக்குள் மூச்சை அனுப்பினால் என்ன? கண்ணாடி முன் நின்று தன் உடம்பிலேயே செய்து பார்த்தார். 1921 முதல் மைசன் நகரில் மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். இத்தனைக்கும் அவர் மருத்துவர் அல்ல! அவர் பெயரிலான பயிற்சிகள் இன்றும் பல நாடுகளில் நடக்கின்றன.

அந்தக் கண்ணாடிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வளைவோடு வளர்ந்த பிள்ளைக்குச் சாய்வே நேராகத் தோன்றும். மெல்லப் பிடித்து நடுவில் நிறுத்திப் பாருங்கள், "ஐயோ, சாயுறேன்" என்பாள். கண்ணாடியைக் காட்டினால் திகைத்துப்போவாள். அதட்டலால் வராதது அந்த ஒரு பார்வையில் பிடிபடும். அப்புறம் இரண்டு புட்டத்திலும் பாரம் சமமாக விழுகிறதா என்று அவளே கவனிப்பாள், குழிந்த பக்கம் விரியும்படி மூச்சு இழுப்பாள். எந்தப் பக்கம் என்பது அவரவர் வளைவைப் பொறுத்தது. வலப்பக்கம் வளைந்தவருக்கான பயிற்சியை வீடியோவில் பார்த்து இடப்பக்கம் வளைந்தவர் செய்யக் கூடாது. பயிற்சி தெரிந்த ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்வதுதான் நல்லது.

மற்றபடி, எவ்வளவு நல்ல நிலையானாலும் அரைமணி நேரத்துக்கு மேல் அதிலேயே உறைய வேண்டாம். எழுந்து நாலு எட்டு நடங்கள். எப்போதும் ஒரே காலில் பாரம் போட்டு நிற்காதீர்கள். விளையாட்டை நிறுத்தாதீர்கள். ஓட்டப்பந்தயத்தில் உலக சாதனை படைத்த உசேன் போல்ட்டுக்கும் ஸ்கோலியோசிஸ் உண்டு.

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து விரல் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். வேகமாகச் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் அளக்கும் கோணம் 10 டிகிரியைத் தொட்டால்தான் ஸ்கோலியோசிஸ். 25-க்குக் கீழே பெரும்பாலும் கண்காணிப்பும் பயிற்சியும் போதும். வளரும் பிள்ளைக்கு 25-ஐத் தாண்டினால் பெல்ட் பேச்சைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், பெல்ட் அணிந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு, வளைவு 50 டிகிரியை எட்டாமலே வளர்ச்சி முடிந்தது. அணியாதவர்களில் 48 சதவீதம் பேருக்குத்தான். உட்காரும் முறை அந்த வேலையைச் செய்யாது. இரண்டாவது முறையும் சொல்லிவிட்டேன்.

வளர்ச்சி முடிந்தபோது 30 டிகிரிக்குள் இருந்தால் பிறகு அதிகமாவது அரிது. பெரியவர்கள் தூங்கும் முறை பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் படுங்கள், அவ்வளவுதான். கால் மரத்தாலோ, தூக்கத்தைக் கலைக்கும் வலி வந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். வணக்கம்.