திறக்க முடியாத பொருளை ஏன் வடிவமைக்கிறோம்?

எல்லோருக்கும் வணக்கம். நான் இண்டஸ்ட்ரியல் டிசைன் படிக்கிறேன் என்பது இந்தச் சேனலைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஒரு பொருளைத் திறக்க முடியுமா, முடியாதா? சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று காட்ட டப்பாவின் மேல் பச்சை இலை படம் போடுவதைவிட இது முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

எலெக்ட்ரிக் டூத்பிரஷ்ஷையே எடுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகள் போனதும் அதில் சார்ஜ் நிற்காது. மோட்டார் நன்றாகவே ஓடும், ஸ்விட்ச்சிலும் குறை இருக்காது. தேய்ந்தது பேட்டரி மட்டும்தான். சரி, அதை மாற்றிவிடலாம் என்று பார்த்தால், பல மாடல்களில் உடைக்காமல் உள்ளே போக வழியே இல்லை. தண்ணீர் புகக் கூடாது என்று ஒட்டியோ வெல்டு செய்தோ மூடியிருப்பார்கள்.

தண்ணீர் புகக் கூடாது என்பது நியாயமான தேவை. ஆனால் அதற்குப் பசைதான் வழி என்று யார் சொன்னது? கடலுக்குள் கொண்டுபோகும் டைவிங் டார்ச்சில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை வைத்துத் திருகி மூடுகிறார்கள்; வேண்டும்போது திறந்து பேட்டரியை மாற்றுகிறார்கள். என்ன, ஓ-ரிங் உட்கார ஒரு பள்ளம் வேண்டும், மரை வேண்டும், சுவர் கொஞ்சம் தடிக்கும். அசெம்பிளியில் ஒரு வேலை கூடும், செலவும் கூடும். பசை இதையெல்லாம் மிச்சப்படுத்துகிறது. மிச்சம் தயாரிப்பவருக்கு, இழப்பு வாங்குபவருக்கு. அந்த முடிவை எடுப்பது எங்களைப் போன்றவர்கள்தான், வரைபட மேசையிலேயே.

அந்த பிரஷ்ஷின் கைப்பிடியில் மெத்தென்று ஒரு பகுதி இருக்குமே, அதையும் கவனியுங்கள். கெட்டி பிளாஸ்டிக்கின் மேல் ரப்பர் மாதிரியான இன்னொரு பிளாஸ்டிக்கை மோல்டிலேயே ஏற்றுவதற்கு ஓவர்மோல்டிங் என்று பெயர். கைக்கு இதமாக இருக்கும், ஆனால் இரண்டையும் பிரித்து மறுசுழற்சி செய்வது ஏறக்குறைய நடக்காத காரியம்.

எங்கள் துறைக்கு இதில் பழைய பொறுப்பு இருக்கிறது. 1954-இலேயே புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், தேவைப்படுவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே புதியது வேண்டும் என்ற ஆசையை மக்களிடம் வளர்ப்பதுதான் நம் வேலை என்று வெளிப்படையாகவே பேசினார். ஆனால் எல்லோரும் அந்த வழியில் போகவில்லை. ஜெர்மன் வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் 1960-இல் வடிவமைத்த '606' என்ற சுவர் அலமாரி இன்றும் விற்பனையில் இருக்கிறது. வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம், பழைய அலமாரியில் இன்று வாங்கிய தட்டை மாட்டலாம். அந்த அலமாரியைத்தான் நான் நல்ல டிசைன் என்பேன்.

2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு சுமார் 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். இதைப் பார்த்த பிறகும் வாங்குபவரிடம் மட்டும் 'பொறுப்பாக நுகருங்கள்' என்று சொல்வது எனக்கு அநியாயமாகப் படுகிறது. திறக்கவே முடியாத பொருளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அவருக்குத் தகவலாவது வேண்டும். பிரான்சில் 2021-இல் போன், லேப்டாப், வாஷிங் மெஷின் போன்றவற்றுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்கத் தொடங்கினார்கள். பிரிப்பது எளிதா, உதிரிபாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன என்பதெல்லாம் அதில் சேர்ந்தது. நீங்கள் எங்கே இருந்தாலும் இந்த மூன்றையும் கடையில் கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம், 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் சாதனங்களின் சிறிய பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. தண்ணீரில் புழங்கும், கழுவக்கூடிய சாதனங்களுக்கு, பாதுகாப்புக்காக, ஒரு விலக்கு உண்டு. ஆனால் அவற்றிலும் நிறுவனத்தைச் சேராத ஒரு பழுதுபார்ப்பவரால் பேட்டரியை எடுக்க முடிய வேண்டும். அதனால் இந்த செமஸ்டரில் நான் வடிவமைக்கும் டூத்பிரஷ்ஷுக்கு வெளித்தோற்றத்தை இன்னும் வரையவில்லை. குறுக்குவெட்டுப் படத்தில் ஓ-ரிங்கும் மரையும் உட்காரும் இடத்தை முதலில் முடிக்கிறேன். அது முடிந்ததும் அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.