வெள்ளத்துல மூழ்கின பழைய சாகா: சாவியத் தொடுறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

[திரையில்: பானட் திறந்த பழைய புரோட்டோன் சாகா காடி, கதவுல பாதி உயரத்துக்குச் சேத்துக் கோடு]

வணக்கம் மக்களே. தண்ணி வடிஞ்சதும் நம்ம ஆளுங்க முதல்ல என்ன செய்வாங்க, சாவியப் போட்டு ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்பாங்க. தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. சிலிண்டருக்குள்ள தண்ணி நிக்கும்போது ஸ்டார்ட்டர் ஒரு சுத்து சுத்தினாலே பிஸ்டனத் தாங்குற கனெக்டிங் ராடு வளைஞ்சிடலாம், காப்பாத்தியிருக்கக்கூடிய எஞ்சின் அங்கேயே முடிஞ்சிடும்.

சாவி வேணாம். முதல்ல சேத்துக் கோடு எந்த உயரத்துல நிக்குதுன்னு உள்ள வெளிய ரெண்டு பக்கமும் படம் எடுங்க, அடுத்து பேட்டரி நெகட்டிவ் வயரக் கழட்டுங்க. இன்சூரன்ஸ் இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன், காம்ப்ரிஹென்சிவ் எடுத்தாலும் வெள்ளம் அதுல தானா சேராது, ஸ்பெஷல் பெரில்ஸ்னு தனியாப் பணம் கட்டிச் சேத்திருக்கணும். அப்புறம் கையுறையும் பூட்ஸும் போடாம அந்தச் சேத்துல கை வைக்காதீங்க, வெள்ளத் தண்ணியில கென்சிங் திக்குஸ், அதாவது எலி மூத்திரத்துல வர்ற நோய்க் கிருமி இருக்கலாம், கையில சின்னக் கீறல் இருந்தாலே உள்ள போயிடும்.

நம்ம பினாங்குல இன்னொரு தொல்லை உப்பு. கடல் ஏறியிருக்கிற நேரத்துல பெரிய மழை பெஞ்சா சுங்கை பினாங் ஆத்துத் தண்ணி கடலுக்கு இறங்க வழியில்லாம திரும்புது, ஜாலான் பி. ரம்லி பக்கம் இருக்கிறவங்களக் கேட்டாத் தெரியும், 2017 நவம்பர் வெள்ளத்த யாரும் மறந்திருக்க மாட்டாங்க. உப்பு கலந்த தண்ணி பட்டா துரு பல மடங்கு வேகமா பிடிக்கும், வயர் முனையெல்லாம் பச்சை பூத்திடும். அதனால காய வைக்கிறதுக்கு முன்னாடி நல்ல பைப் தண்ணியால கழுவணும், நனைஞ்சத ஏன் மறுபடி நனைக்கணும்னு கேப்பீங்க, உப்பு காஞ்சாலும் அங்கேயேதான் இருக்கும், காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும். பிரஷர் ஜெட் வேணாம், சும்மா ஓஸ் போதும்.

நிறைய பேரு இரும்புக் கடைக்குப் போட்டுடுன்னு சொல்வாங்க. நான் ஒத்துக்கவே மாட்டேன். சாகா 1985 ஜூலையில வந்த காடி, அதே வருசம் பினாங்கு பாலம் திறந்தப்ப அப்போதைய பிரதமர் மகாதீர் சாகா ஓட்டித்தான் அதக் கடந்தார், நம்ம அப்பா அம்மா காலத்துல எத்தனையோ தோட்டத்து வீட்டுக்கு முதல் காடி இதுதான். காரணம் அது மட்டும் இல்ல. ஆரம்ப கால 1.3 லிட்டர் சாகாவுல கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காயில், கொஞ்சம் வயர், அவ்வளவுதான், ஏர்பேக் கிடையாது, கம்ப்யூட்டர் பெட்டி கிடையாது. இப்ப வர்ற காடிங்க இதே உயரத்துக்கு நனைஞ்சா எலக்ட்ரானிக்ஸ் செலவே காடி விலைக்கு வந்து நிக்கும், இத நீங்க வீட்டு வாசல்லயே கழட்டிக் காய வைக்கலாம்.

[திரையில்: டிப்ஸ்டிக் கிட்டத்துல]

எஞ்சினுக்கு வருவோம். எண்ணெய் அளவு பாக்குற கம்பி, அந்த டிப்ஸ்டிக்க இழுங்க, எண்ணெய் தே தாரிக், அதாவது பால் டீ நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு. தெளிவா இருந்தாலும் நம்பாதீங்க, தண்ணி கனம், அது அடியில போய் உக்காந்திருக்கும், கீழ டிரெய்ன் நட்டத் திறந்தா முதல்ல தண்ணிதான் வரும். ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டி ஒவ்வொரு ஓட்டையிலயும் கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்க, மறுநாள் கிராங்க் நட்டுல ஸ்பானர் போட்டுக் கையால மெதுவாச் சுத்துங்க. முரண்டு பிடிச்சா நிறுத்திடுங்க, வம்பு பண்ணாதீங்க, அனுபவப்பட்ட ஃபோர்மன, அதாவது மெக்கானிக்கக் கூப்பிடுங்க. கியர்பாக்ஸ் எண்ணெயையும் மாத்துங்க, மூச்சுக் குழாய் வழியா அதுக்குள்ளயும் தண்ணி போகும். பெட்ரோல் டேங்க்ல அடியில தண்ணி நிக்கும், பம்பு இழுக்கிறதும் அடியிலேருந்துதான், அதனால டேங்க முழுசா காலி பண்ணணும், கார்புரேட்டர் கிண்ணத்தையும் சேத்து. எடுத்த எண்ணெயையும் பெட்ரோலையும் லோங்காங்ல, அதாவது சாக்கடையில ஊத்தாதீங்க, பழைய எண்ணெய் சேக்குற வர்க்‌ஷாப்புல கொடுங்க.

பிரேக்க லேசா விடாதீங்க. பின் டிரம் உள்ள சேறு அடைச்சு பிரேக் ஷூ டிரம்மோட அப்படியே ஒட்டிக்கும், அதனால ஹேண்ட்பிரேக்க இழுத்து வைக்காம சக்கரத்துக்குக் கட்டை வையுங்க. பிரேக் எண்ணெய் ஈரத்த உறிஞ்சுற சாமான், முழுசா புதுசு ஊத்தணும்.

இப்ப நான் ரொம்ப நேரம் பேசப்போற விசயம். எஞ்சின் ஓடிடுச்சுன்னா எல்லாரும் வேலை முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்க, பழைய காடியக் கொல்றது எஞ்சின் தண்ணி இல்ல, கார்பெட்டுக்கு அடியில இருக்கிற தண்ணி. மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், அடியில இருக்கிற மெத்தை மாசக்கணக்கா ஈரத்தப் பிடிச்சு வெச்சிருக்கும், அதுக்குக் கீழ தகடு சத்தமில்லாம கரைஞ்சுக்கிட்டு இருக்கும். நம்ம ஊரு காத்துல ஈரம் எப்பவும் அதிகம், கண்ணாடிய இறக்கிவிட்டா தானா காயும்னு விட்டா பூஞ்சைதான் வரும். சீட்டு, கார்பெட்டு, அடி மெத்தை, கதவு அட்டை, எல்லாத்தையும் வெளிய எடுங்க. மெத்தையத் தூக்கிப் போடுங்க, அது கழுவினா தேறாது, புதுசு வெட்டிப் போட்டுக்கலாம். தரையில இருக்கிற ரப்பர் மூடிகளக் கழட்டுங்க, கதவு அடியில இருக்கிற சின்ன ஓட்டைங்கள கம்பியால குத்திச் சேற எடுங்க, அது அடைஞ்சிருந்தா கதவே தண்ணித் தொட்டியாயிடும். கதவுக்குக் கீழ முன்னேருந்து பின்னால ஓடுற தகடு உள்ள வெறும் பொந்து, அதுக்குள்ள ஓஸ் விட்டு சேறு வராத வரைக்கும் கழுவி, ஃபேன், டீஹியூமிடிஃபையர், நல்ல வெயில், எது கிடைக்குதோ அத வெச்சு நாள் கணக்கா காய விடுங்க, அவசரப்படாதீங்க. துரு இருக்கிற இடத்தச் சுரண்டி ரஸ்ட் கன்வர்ட்டர் அடிச்சா கறுப்பா மாறும், அதுக்கு மேல பிரைமர், பொந்துக்குள்ள நீளக் குழாய் வெச்ச கேவிட்டி வேக்ஸ், துருவத் தடுக்கிற மெழுகு. ஸ்க்ரூடிரைவர் முனையால தட்டும்போது தகடு உள்ள போச்சுன்னா வேக்ஸ் அடிச்சு மூடாதீங்க, வெட்டி வெல்டிங் வெக்கணும், அந்தத் தகடுதான் காடியத் தாங்குது.

வயர் வேலைக்குப் பொறுமைதான் வேணும். ஒவ்வொரு சாக்கெட்டையும் பிரிச்சு, கான்டாக்ட் கிளீனர் அடிச்சு, காய வெச்சு, பிரிக்கிறதுக்கு முன்னாடி படம் எடுத்து வெச்சுக்குங்க. ஸ்டார்ட்டரும் ஆல்ட்டர்னேட்டரும் கழட்டித் திறந்து பாக்காம மாட்ட வேணாம்.

[திரையில்: முதல் ஸ்டார்ட், டேஷ்போர்டு எண்ணெய் விளக்கு]

எல்லாம் காஞ்சதும் புது எண்ணெய், புது ஃபில்டர், புது பெட்ரோல், புது பேட்டரி. பிளக் போடாம, காயில் வயரக் கழட்டி வெச்சுட்டு ஸ்டார்ட்டர விட்டு விட்டுச் சுத்துங்க, எண்ணெய் விளக்கு அணையணும். அதுக்கப்புறம் பிளக்கப் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, எஞ்சின் நல்லா சூடாகுற வரைக்கும் ஓடவிட்டு அந்த எண்ணெயையும் ஃபில்டரையும் மறுபடி மாத்துங்க, புது எண்ணெய் வீணாப் போச்சேன்னு பாக்காதீங்க, மிச்சத் தண்ணி அதோடதான் வெளிய வரும்.

ஒரு மாசம் ஓட்டினதுக்கு அப்புறம் கார்பெட் ஓரத்தத் தூக்கி ரப்பர் மூடி பக்கம் விரல வெச்சுப் பாருங்க. ஈரம் பட்டா கார்பெட் மறுபடி வெளிய வரணும். கதவு அட்டைய ஹார்ட்போர்டுல அளவு எடுத்து வெட்டுறது தனி வேலை, அத அடுத்த வீடியோவுல முழுசா காட்டுறேன்.