ஸஹ்ரா நகரத்தின் 74 ஆண்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி எப்போது முடிந்தது? 1492 ஜனவரி 2, கிரனாதா நகரம் கைமாறிய நாள் என்று பாடநூல்கள் சொல்லும். நான் 1010 என்று சொல்வேன்.

711இல் முஸ்லிம் படைத்தலைவர் தாரிக் பின் ஸியாத் கடல் கடந்து இறங்கிய குன்று 'ஜபல் தாரிக்' ஆயிற்று. இன்றைய ஜிப்ரால்டர் அதுதான். 756இல் தென் ஸ்பெயினின் கொர்தோபா நகரத்தில் அரசு அமைத்த முதலாம் அப்துர் ரஹ்மான், தம் குடும்பத்தின் ஆட்சியைப் பறித்த அப்பாசியரின் வாளுக்குத் தப்பி சிரியாவிலிருந்து ஓடிவந்த இளைஞர். பேரீச்சை மரம் ஒன்றைப் பார்த்து, நீயும் என்னைப் போலவே ஊரைப் பிரிந்து வந்தாயா என்று உருகிக் கவிதை பாடியவர். அவருடைய வழித்தோன்றலான மூன்றாம் அப்துர் ரஹ்மான் 929இல் தன்னைக் கலீபாவாக அறிவித்துக்கொண்டார். 936 வாக்கில் கொர்தோபாவுக்கு மேற்கே, மலையடிவாரத்தில், மூன்று அடுக்குகளாக மதீனத்துஸ் ஸஹ்ரா என்ற புதுத் தலைநகரைக் கட்டத் தொடங்கினார். பளிங்குத் தூண்கள், தோட்டங்கள், தூதர்களை வரவேற்கும் மண்டபம்! அறுவை மருத்துவத்தின் முன்னோடியான அல்-ஸஹ்ராவியின் பெயரிலேயே அந்த ஊர் இருக்கிறது. அவருடைய நூல் லத்தீனுக்குப் போய், ஐரோப்பிய மருத்துவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது.

அந்த நகரத்தைச் சூறையாடியவர்கள் வடக்கிலிருந்து வந்த கிறித்தவ மன்னர்கள் அல்லர். அரசே சம்பளம் கொடுத்து வரவழைத்த வட ஆப்பிரிக்கப் பெர்பர் படையினர். சிறுவயதுக் கலீபாவைப் பெயருக்கு வைத்துக்கொண்டு ஆண்ட அமைச்சர் அல்-மன்சூர், அந்தப் படையைப் பெருக்கியிருந்தார். அவர் இறந்தபின் அவருடைய மகன் ஒருவர் கலீபாவின் வாரிசாகவே ஆக முனைந்தார். 1009இல் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டே ஸஹ்ரா பாழானது.

1031இல் கலீபா பதவியும் ஒழிந்தது. நாடு இருபது, முப்பது சிற்றரசுகளாகச் சிதறியது. பக்கத்து முஸ்லிம் அரசனுக்கு அஞ்சிக் கிறித்தவ அரசனுக்குப் பொன்னைக் கப்பம் கட்டினார்கள். அதை நினைக்கையில் இன்றும் என் நெஞ்சு கனக்கிறது. 1085இல் தொலேதோ நகரம் கிறித்தவர் கைக்குப் போனது. 1236இல் கொர்தோபா. 1248இல் செவில் வீழ்ந்தபோது முற்றுகையிட்ட காஸ்டில் என்ற கிறித்தவ நாட்டின் மன்னருக்குத் துணையாகக் கிரனாதா சுல்தானின் குதிரைவீரர்களும் நின்றார்கள்!

கிரனாதா சரணடைந்தபோது, மதத்துக்கும் மசூதிக்கும் தீங்கு வராது என்று வென்ற கிறித்தவ மன்னர்கள் எழுதிக் கொடுத்தார்கள். பத்தே ஆண்டுகளில், 1502இல், மதம் மாறு அல்லது நாட்டை விட்டுப் போ என்று காஸ்டில் முழுவதற்கும் ஆணை வந்தது.

ஸஹ்ராவில் 1911 முதல் அகழ்ந்துவருகிறார்கள். உடைந்த பளிங்குச் செதுக்கல்களைத் துண்டு துண்டாகப் பொருத்தி, வரவேற்பு மண்டபத்தின் சுவர்களை மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். நகரத்தின் பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது.