இடதுபக்கமே இறங்கிய ஒயர்

வணக்கம் நேயர்களே. ஓர் அம்மாவுக்கு சிஆர்டி பேஸ்மேக்கர், அதாவது இதயத்தின் இரண்டு பக்கத்தையும் சேர்ந்து துடிக்க வைக்கிற கருவி, வைத்துக்கொண்டிருந்தோம். இடது தோளுக்குக் கீழே விடுகிற ஒயர் நெஞ்சின் நடுவைத் தாண்டி, வலதுபக்கம் போய்த்தான் இதயத்துக்குள் இறங்கும். அன்றைக்கு எக்ஸ்ரே திரையில் அது தாண்டவே இல்லை, முதுகெலும்புக்கு இடதுபக்கமாகவே கீழே இறங்கிப் போனது.

இதயத்தின் இடது கீழறை வலதுக்குப் பின்தங்கிச் சுருங்கி, பம்ப் செய்யும் திறன் 35 சதவீதமோ அதற்கும் கீழோ போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்களுக்குத்தான் சிஆர்டி. இரண்டு பக்கமும் சேர்ந்து துடிக்க, இடது அறையின் வெளிப்புறத்தில் ஓர் ஒயர் வேண்டும். அது போகிற வழி, இதயத்தின் பின்பக்கமாக ஓடி வலது மேலறையில் திறக்கிற கரோனரி சைனஸ் என்கிற சிரை.

கருவில் எல்லோருக்குமே மேலிருந்து இரண்டு பெரிய சிரைகள் இறங்கும், அப்புறம் இடதுபக்கத்தது சுருங்கி வெறும் நாராகிவிடும். 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு அது சுருங்காமல் நின்று, பெரும்பாலும் கரோனரி சைனஸில் போய்ச் சேர்கிறது. அந்த அம்மாவுக்கும் அப்படித்தான், ஒயர் அந்தச் சிரை வழியாகத்தான் இறங்கியது. பலருக்கு இதனால் ஒரு தொந்தரவும் இல்லை, ஆயுள் முழுக்கத் தெரியாமலே போய்விடும்.

நேராக சைனஸுக்கே போகிறதே, சுலபம்தானே என்று தோன்றும். இல்லை. அதிக ரத்தம் பாய்ந்து சைனஸ் அகன்று கிடக்கும், ஒயருக்குப் பிடிமானம் இருக்காது, கிளைச் சிரைக்குள் நுழையப் பின்னோக்கி வளைய வேண்டும். வலது கீழறைக்கான ஒயரோ இன்னும் பெரிய வளைவு போட வேண்டும். நல்லவேளை, அந்த அம்மாவுக்கு வலதுபக்கச் சிரையும் இருந்தது. வலது தோளுக்கு மாறி, மூன்று ஒயரையும் வைத்து முடித்தோம்.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. "கரோனரி சைனஸ் விரிந்துள்ளது" என்று எக்கோ ரிப்போர்ட்டில் ஒரு வரி முன்பே இருந்தது, நாங்கள் யாரும் அதில் நின்று யோசிக்கவில்லை. இடது கையில் ஊசி போட்டு, குமிழிகள் வரக் குலுக்கிய சலைனை (உப்புநீரை) செலுத்தி எக்கோ பார்த்திருந்தால் போதும்: குமிழிகள் முதலில் சைனஸில் தெரியும், அப்புறம்தான் வலது மேலறையில். உங்கள் ரிப்போர்ட்டிலும் அந்த வரி இருந்தால், பேஸ்மேக்கருக்கு முன்னால் இதைச் செய்யலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

சிரை அமைப்பை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வதும் முக்கியம், நாளைக்கு ஐசியூவில் கழுத்துச் சிரையில் குழாய் போடுகிறவருக்கும் அது தெரிய வேண்டும். அந்த அம்மா அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார், ஒவ்வொரு முறை வரும்போதும் முதலில் அதைத்தான் எடுத்து மேஜையில் வைக்கிறார்.