மூன்று நான்கு மொழிக்கு நடுவில் டிஸ்லெக்சியா

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் கிரியோல், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும், அதோடு தமிழ். மொரீஷியஸில் ஒரு பிள்ளை வாசிக்கத் திணறினால், 'இத்தனை மொழி, குழம்பிப்போச்சு' என்று சொல்லி முதலில் தமிழைத்தான் நிறுத்துகிறோம். பல மொழி படிப்பதால் டிஸ்லெக்சியா வருவதில்லை. சொல்லிலுள்ள ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில் வரும் சிரமம் அது. பல குடும்பங்களில் தலைமுறையாகத் தொடரும். புத்தி மட்டு என்று பொருளில்லை. கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். வாசிப்பு சரியாகும் என்று நம்பிக் கலர்க் கண்ணாடிக்குச் செலவழிப்பது மட்டும் வீண்.

ல, ள, ழ மாற்றி எழுதினால் உடனே பயப்படாதீர்கள். கிரியோலில் லகரம் ஒன்றுதான். பிள்ளையை வீட்டு மொழியிலேயே, புத்தகமில்லாமல், காதால் சோதித்துப் பாருங்கள். 'லாப்லி'யில் (மழை) 'லா' போனால் மிச்சம் என்ன? 'ஸொலே' (சூரியன்) எந்த ஒலியில் தொடங்குகிறது? ஏழு வயதிலும் இதில் தொடர்ந்து தடுமாறினால் கவனிக்க வேண்டும். இன்னொன்று: எழுதியபடியே பெரும்பாலும் வாசிக்கலாம் என்பதால் தமிழில் பிழை குறைவாகத் தெரியும், வேகம்தான் காட்டிக்கொடுக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று எண்ணிக் குறித்துவைத்து, மாதம் ஒருமுறை அதே தரத்துப் பத்தியில் ஒப்பிடுங்கள்.

பயிற்சி தினமும் பதினைந்து நிமிடம் போதும். முதலில் காது: 'பல்'லில் 'ப'வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'க' போடு, என்ன வருகிறது? கல். பிறகு ஏற்கெனவே படித்த எழுத்து அட்டைகள் ஐந்தாறு, கடைசியில் புதிது ஒன்றே ஒன்று. தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுதும்போதே ஒலியை வாயால் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருபது முறை எழுதினால் அது வெறும் படம் வரைவது.

கா, கி, கீ எளிது. 'கெ'யில்தான் சிக்கல்: கண்ணுக்கு முதலில் கொம்பு வருகிறது, வாயில் முதலில் 'க்' வருகிறது. 'கொ'வில் குறி இரு பக்கமும் நிற்கிறது. இவற்றை முந்தைய குறிகள் தடையில்லாமல் வந்த பிறகே தொடங்குங்கள். கொம்பைச் சிவப்பில் எழுதுங்கள். விரலை மெய்யில் வைத்துச் சொல்லிவிட்டுக் கொம்புக்கு வரட்டும். ண, ன, ந மூன்றையும் ஒரே வாரத்தில் காட்டாதீர்கள். ஒன்று உறுதியான பிறகே அடுத்தது.

பாரம் மிஞ்சினால் ஒரு பள்ளித் தவணைக்குத் தமிழை வாய்மொழியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். கதை கேட்கட்டும், பாடட்டும், பேசட்டும். அடியோடு நிறுத்தினால் ஆங்கிலம் சரியாகிவிடாது, ஏனென்றால் சிரமம் ஒலியைக் கையாள்வதில் இருக்கிறது. அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு மணி நேரம் டியூஷனில் திணிப்பதும் உதவாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்னறிவிப்பில்லாமல் வகுப்பின் நடுவே எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள். பத்தியை முந்தின நாளே கொடுத்துவிடுங்கள். கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொல்வதைவிட அச்சுத்தாளே மேல். அறிவியல் பாடத்தில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

ஆறாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்க நினைத்தால், நிபுணரின் மதிப்பீட்டு அறிக்கைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். நான்காம் வகுப்பிலேயே தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள். போகும்போது பிள்ளையின் நோட்டுகளையும் நிமிடக் கணக்குக் குறித்த தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.