அஞ்சு சொம்பு, மூணு மணி நேரம்

வணக்கம். நீங்க கேட்டுட்டு இருக்கிற எடத்துல ஃபேன் ஓடுதா? ஓடினா ஒரு நிமிஷம் அதை கவனிங்க. இவ்ளோ நேரமும் ஓடிட்டுதான் இருந்துச்சு, நம்ம காதுதான் அதை ஒதுக்கி வெச்சிருந்துச்சு. மைக்குக்கு அப்படி ஒதுக்கத் தெரியாது. இதை மனசுல வெச்சுக்கோங்க, திரும்பத் திரும்ப இதுக்குத்தான் வருவேன்.

டிசைன் படிக்கிற பசங்களுக்கு நான் ரொம்ப வருஷமா ஒலி பத்தி சொல்லிக்குடுக்குறேன். பாட்டு இல்லீங்க, சத்தத்தையே களிமண் மாதிரி வெச்சு எதையாவது செஞ்சு பாக்குற கலை. வருஷக் கடைசில ஷோகேஸ் வரும், அதாவது பசங்க பண்ணதை எல்லாரும் வந்து பாக்குற கண்காட்சி. போஸ்டர் பண்ணவன் போஸ்டரை மாட்டிடுவான், நாற்காலி பண்ணவ நாற்காலியை கொண்டுவந்து போட்டுடுவா. சத்தம் பண்ணவங்களுக்கு? ஷோ முடிஞ்சு ஒயரை கழட்டினா எடுத்து வெச்ச பதிவு மட்டும்தான் மிச்சம். நாளைக்கு வேலை கேட்டுப் போனாலும் அதைத்தான் போட்டுக் காட்டணும்.

ஒரு பொண்ணு, கடைசி வருஷம் படிச்சா. அஞ்சு பித்தளை சொம்பு வெச்சா, ஒவ்வொண்ணுக்கும் மேல ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்துற டியூப். செகண்டுக்கு ஒரு சொட்டு. இருபது சொட்டு சேந்தா ஒரு மில்லி, அப்ப அரை லிட்டர் சொம்பு நிரம்ப மூணு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மியா ஆகும், கணக்கு போட்டே பண்ணியிருந்தா. சொம்போட வெளிப்பக்கம் பியசோன்னு காசு சைஸ்ல ஒரு பித்தளை வில்லை, ஒட்டின பொருளோட அதிர்வை மைக் மாதிரி புடிச்சுக் குடுக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கேட்டா குடுப்பாங்க, அதை ஒட்டி ஸ்பீக்கருக்கு இழுத்திருந்தா. குழாயடில குடம் நிரம்புறப்போ சத்தம் மேல ஏறும்ல, எட்டிப் பாக்காமலே குழாயை மூடுவோம்ல? ஆனா பாத்திரத்தோட சுவர்ல காதை வெச்சா கதை உல்டா. தண்ணி ஏற ஏற சுருதி எறங்கும், ஜலதரங்கக் கிண்ணத்துல பாத்திருப்பீங்க. காலைல வந்தவங்களுக்கு கணீர்னு கேட்ட அதே சொம்பு மதியம் வந்தவங்களுக்கு கனமா, ஏதோ தூங்கி வழியுற மாதிரி கேட்டுச்சு. நான் அங்கேயே உக்காந்துட்டேன், எழுந்து போக மனசே வரல.

ஷோகேஸுக்குன்னு வந்தவங்க ஃபோன்ல நாப்பது செகண்ட் வீடியோ எடுத்துட்டு போயிட்டாங்க. அதை போட்டுப் பாத்தா ஒரே ஏசி இரைச்சல். ஏன்னா ஃபோன் தானா வால்யூமை ஏத்தி எறக்கும், ரெண்டு சொட்டுக்கு நடுவுல அமைதி வந்தா ஏசியை தூக்கிக் குடுக்கும், சொட்டு விழுந்த உடனே அதை அமுக்கிடும். படத்துல சொம்பு பளபளன்னு அழகா இருக்கு, வேலை செத்துப்போச்சு. அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லல, ஹெட்போனை கழட்டி மேஜைல வெச்சா, அவ்ளோதான். எனக்கு இன்னைக்கும் அது ஆறல.

அடுத்த வாரம் நாங்க திரும்ப எல்லாத்தையும் மாட்டினோம். இந்த தடவை ஏசியை நிறுத்தினோம், கையடக்க ரெக்கார்டர்ல வால்யூமை தானா மாத்துற செட்டிங்கை அணைச்சோம், மைக்கை ஒரு ஆள் குனிஞ்சா காது எங்க வருமோ அங்க ஸ்டாண்ட்ல வெச்சு தரைல டேப் ஒட்டி குறிச்சோம். அரை மணிக்கு ஒரு தடவை ஒரே ஒரு நிமிஷம், மைக்கை அசைக்கவே இல்ல. கடைசில எல்லாத்தையும் வரிசையா ஒட்டினா, சில நிமிஷத்துல அந்த மூணு மணி நேரம் காதுல எறங்குது. யாரோ ஒருத்தர் நின்னு கேட்ட அனுபவத்தை பதிவு பண்ணுங்கன்னு நான் கத்துறது இதுக்குத்தான். பொருளைக் காட்டுறதுக்கு ஃபோட்டோ போதும்.

அகமதாபாத்ல தேசிய வடிவமைப்பு நிறுவனம்னு இருக்கு. 1969ல அமெரிக்காலேருந்து டேவிட் டியூடர்னு ஒரு இசைக்கலைஞர் வந்து அங்க மூக் சிந்தசைசரோட, அதாவது மின்சாரத்துலயே சத்தத்தை உண்டாக்குற கருவியோட, ஒரு மின்னணு இசைக்கூடம் அமைச்சுக் குடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய் மாதிரி நம்மூர் இசைக்கலைஞர்கள் எல்லாம் அங்க என்னென்னவோ பண்ணிப் பாத்திருக்காங்க. அப்புறம் அது மறந்தே போச்சு. 2017ல பால் பர்காஸ்னு ஒரு ஒலிக் கலைஞர் அங்க ஆவணக் காப்பகத்துல அந்த டேப்புகளை கண்டெடுத்தார், 2023ல தொகுப்பா வெளிய வந்துச்சு. நம்ம நாட்டுல, அதுவும் ஒரு டிசைன் பள்ளிக்கூடத்துல, அம்பது வருஷம் முன்னாடி! டேப் இருந்துச்சு, அதனால இன்னைக்கு கேக்குறோம். சொம்பு மாதிரி எத்தனை வேலை டேப்பே இல்லாம போச்சோ.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆச்சுன்னு விரல் காட்டுறாங்க, ஃபைலுக்கு பேர் வெக்கிறது பத்தி நிறைய சொல்ல நெனச்சேன், சுருக்கமா சொல்லிடுறேன். பேர்லயே தேதி, எடம், மைக் எங்க இருந்துச்சுன்னு போடுங்க. யாரும் பேசாம ஒரு முப்பது செகண்ட் வெறும் ரூமை தனியா பதிவு பண்ணுங்க, எடிட் பண்றப்போ ஒட்டுப்போட உதவும். அசல் ஃபைலை ரெண்டு எடத்துல வைங்க. அந்தப் பொண்ணு கிட்ட கேட்டுத்தான் கடைசி நிமிஷத்தோட பதிவை கொண்டுவந்திருக்கேன், அஞ்சு சொம்பும் விளிம்பு வரைக்கும் நிரம்பி நிக்குற நேரம். முடிஞ்சா ஃபேனை நிறுத்திட்டு கேளுங்க, இதோ போடுறாங்க.