எண்பதும் எண்பத்தொன்பதும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இந்த வானொலி உரை பற்றித் தொலைபேசியில் பேசியபோது, "உங்களை என்னன்னு அறிமுகப்படுத்தட்டும்?" என்று கேட்டார்கள். "தற்காலிகப் பணியாளர்னு சொல்லுங்க" என்றேன். "அதெல்லாம் ஒரு பதவியாம்மா?" என்று சிரித்தார் அந்த அறிவிப்பாளர். கொஞ்சம் பொறுத்து, "நானும் அதுதான்" என்றார். ஆக இன்றைக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் தற்காலிகம், அந்தப் பக்கமும் தற்காலிகம்.

எனக்கு ஊர் புதுவயல். காரைக்குடிக்குப் பக்கத்தில் அரிசி ஆலைகள் நிறைந்த ஊர். விடியற்காலையில் கதவைத் திறந்தால் நெல் அவிக்கிற வாடைதான் முதலில் வரும். பிறந்ததிலிருந்து அந்த வாடையிலேயே வளர்ந்தவள் நான். ஆனால் 2018-இல் தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது, அதே வாடை என்னைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு பஸ் ஏறி, காரைக்குடியில் இறங்கி, அலுவலகத்து மாடிப்படி ஏறுவதற்குள் பாதி உயிர் போய்விடும். அதைவிடப் பெரிய வேலை, மசக்கை என்று யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது. "என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டால், "நேத்து புரோட்டா சாப்பிட்டேன்க்கா, ஒத்துக்கலை" என்பேன். அந்த இரண்டு மாதத்தில் நான் சாப்பிடாத புரோட்டாவுக்குக் கணக்கே இல்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். எனக்கு 89 நாள் வேலை. கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றுகிற வேலை. 89 நாள் முடிந்ததும் ஒரு நாள் "பிரேக்" விடுவார்கள். மறுநாள் புதுத் தாளில் கையெழுத்து, மறுபடி 89 நாள். நாற்காலி மாறாது, கம்ப்யூட்டர் மாறாது, மேசையில் இருக்கிற தண்ணீர் பாட்டில்கூட மாறாது. காகிதத்தில் மட்டும் நான் புதிதாகச் சேர்ந்தவள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று யாரும் பின்னால் உரிமை கேட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

அப்படி வேலை பார்த்தவர்களுக்குத்தான் அதன் வேதனை தெரியும். எங்கள் தெருவில் இருபது மாதச் சீட்டு போடுவார்கள். என்னால் சேர முடியாது. மூன்று மாதத்துக்கு மேல் எனக்கு நாளை என்று ஒன்று கிடையாதே! ஆனால் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு 89 நாள் கணக்கெல்லாம் தெரியுமா? அது தன் போக்கில் 280 நாள் எடுத்துக்கொள்ளும். இரண்டு காலண்டர், இரண்டும் ஒத்துப்போகாது. ராத்திரி தூக்கம் வராமல் விரல் விட்டு எண்ணுவேன். இந்தத் தாள் முடியும்போது எத்தனையாவது மாதம், அடுத்த தாளில் கையெழுத்து போடும்போது வயிறு தெரியுமா தெரியாதா என்று.

தெரிந்தது. ஆறாவது மாதம். பொறுப்பில் இருந்தவர் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தக்கூட இல்லை. "உடம்பைப் பாத்துக்கம்மா. புள்ள பொறந்து நல்லபடியா வா, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் எனக்கு ஏதோ நல்லது செய்வதாகவே நானும் நினைத்துக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். பஸ் கண்டனூர் தாண்டும்போதுதான் உறைத்தது. புதுத் தாள் இல்லை. வேலை போய்விட்டது.

வீட்டுக்காரர் அப்போது சென்னையில் ஆத்தங்குடிக் கல் பதிக்கிற வேலையில் இருந்தார். வேலை இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. தோடு அடகுக்குப் போனது. அந்தக் கதையை நீட்ட வேண்டாம், உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் நடந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் கும்பிட்டுவிட்டு வந்தேனே, அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்று உண்டு. மகப்பேறு பயன் சட்டம் என்று 1961-லேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. பிரசவத் தேதி என்று டாக்டர் குறித்துக் கொடுக்கிறாரே, அந்தத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் அந்த முதலாளியிடம் வேலை பார்த்திருந்தால் போதும். சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு. 2017-இல் திருத்தி அதை 26 வாரம் ஆக்கினார்கள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருந்தால் 12 வாரம். இப்போது இந்தச் சட்டத்தை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பெயர் மாறினாலும் அந்த 80 நாளும் 26 வாரமும் அப்படியே இருக்கின்றன.

80 நாள். என்னிடம் கையெழுத்து வாங்கியது 89 நாளுக்கு. கணக்குப் பாருங்கள்! எந்த உரிமையும் வந்துவிடக் கூடாது என்று அளந்து வைத்த அந்த ஒரே ஒரு தாளே, அதில் 80 நாள் வேலை பார்த்த கணக்கு நின்றால், இந்த உரிமைக்குப் போதும். நானோ அந்த 12 மாதத்தில் எட்டு மாதம் வேலை பார்த்திருந்தேன். 80 நாளும் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நடுவில் அவர்கள் விட்ட "பிரேக்" இதைத் தொடாது. சம்பளத்தோடு விட்ட விடுமுறை நாளும் கணக்கில் சேரும்.

நிரந்தரப் பணியாளருக்குத்தானே இதெல்லாம் என்று நானும் கேட்டேன். டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்குச் சாலை வேலை பார்த்த பெண்கள் இதே கேள்வியோடு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தினக்கூலிக்கும் உண்டு என்று 2000-ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. மண் வெட்டி, கல் சுமந்த பெண்கள் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு அது; ஏசி அறையில் கம்ப்யூட்டர் தட்டிய எனக்கு 18 வருஷம் கழித்தும் அது தெரியவில்லை. சரி, ஒப்பந்தக் காலம் முடிந்துபோனால்? அதற்கும் 2023 ஆகஸ்டில் பதில் வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பெண் மருத்துவரின் வழக்கு. தகுதி நாள் நிறைந்துவிட்டால், ஒப்பந்தம் நடுவில் முடிந்தாலும் முழுப் பயனையும் கொடுத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கர்ப்பமாக இருக்கும்போது வேலையை விட்டு நிறுத்தினாலும் அந்தப் பணத்தை நிறுத்த முடியாது. அப்படி நிறுத்தினால் 60 நாளுக்குள் முறையிடலாம்.

எனக்கு அந்த 80 நாள் கதை தெரியவந்தபோது மூத்தவன் தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான்.

தெரியவந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா ஓர் ஆச்சி வீட்டில் பலகாரம் சுடப் போவார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணச் சாந்தி என்றால் பத்து நாள், பதினைந்து நாள் அங்கேதான். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம் எல்லாம் இரண்டாங்கட்டில் நடக்கும். அந்த ஆச்சியிடம் ஒரு நீள நோட்டு உண்டு. எத்தனை படி மாவு, எத்தனை டின் எண்ணெய், யார் எத்தனை மணிக்கு வந்தது, யாருக்கு எவ்வளவு கூலி, எல்லாம் பென்சிலில் இருக்கும். மகளுக்குச் சாமான் வைத்த பட்டியல் நாற்பது வருஷமாக அவரிடம் பத்திரமாக இருக்கிறது. செட்டிநாட்டில் கணக்கு எழுதுவது ஆண்கள் வேலை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். வீட்டு வளவுக்குள் வந்து பார்த்தால் தெரியும்.

நான் வேலை போன கதையைச் சொன்னபோது ஆச்சி அனுதாபப்படவில்லை. கேட்டது ஒரே கேள்வி: "வேலைக்குப் போன நாளை எழுதி வச்சிருக்கியா, ஆத்தா?" இல்லை என்றேன். "அவுக எழுதியிருப்பாக. நீ எழுதலை. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராதுடி." அப்புறம் தேவகோட்டையில் வக்கீலாக இருக்கிற தன் பேத்தியோடு போனில் பேசச் சொன்னார். அந்தப் பெண்தான் 80 நாள் கதையைச் சொன்னது.

அதற்குப் பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். 2020-இல் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை கிடைத்தது. அதுவும் ஏஜென்சி மூலம். சம்பளம் 9,000. மாதம் 68 ரூபாய் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் காப்பீடு, என்று பிடிப்பார்கள். கடைப்பெண்கள் எல்லோரும் அந்த 68 ரூபாயைத் திட்டுவோம். இரண்டு நாள் பஸ் காசு அல்லவா! ஆனாலும் சம்பளச் சீட்டை விடாமல் வாங்கி நோட்டில் ஒட்டினேன். போன நாள், போகாத நாள், கடை அடைத்த நாள், எல்லாம் எழுதினேன். வாட்ஸப்பில் சூப்பர்வைசர் "நாளைக்கு எட்டு மணிக்கே வந்துரணும்" என்று போட்டால் அதையும் படம் எடுத்து வைத்தேன். நான் அங்கே வேலை பார்த்தேன் என்பதற்கு அவரே கொடுக்கிற சாட்சி அது.

2022-இல் இரண்டாவது. இந்தத் தடவை புரோட்டா மேல் பழி போடவில்லை. செவிலியரிடம் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கிற பிக்மி எண் வாங்கினேன். தாய்சேய் அட்டையில் பிரசவத் தேதி இருந்தது. அதை வைத்து ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினேன்: இன்ன தேதியில் சேர்ந்தேன், இன்ன தேதியில் பிரசவம், இன்ன தேதியிலிருந்து விடுப்பு வேண்டும். கடைக்கு ஒன்று, ஏஜென்சிக்கு ஒன்று, பதிவுத் தபாலில். இப்போது பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதில் போடுங்கள், ரசீதை ஒட்டி வையுங்கள். கடிதம் கொடுக்கத் தாமதமானாலும் உரிமை போகாது. ஆனாலும் கொடுப்பது நல்லது. வாயால் சொன்னது மறுநாளே மறந்துபோகும், அவர்களுக்கு வேண்டும்போது.

கடையில் "ஏஜென்சியைக் கேளு" என்றார்கள். ஏஜென்சியில் "கடையைக் கேளு" என்றார்கள். பந்து இரண்டு வாரம் உருண்டது. ஆனால் இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குப் பணம் கொடுப்பது இவர்கள் இருவரும் இல்லை, இ.எஸ்.ஐ. கழகம். பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில், அதாவது ஆறு ஆறு மாதமாக இரண்டு தவணையில், 70 நாளுக்குக் கட்டியிருக்க வேண்டும். ஏஜென்சி பிடித்துவிட்டுக் கட்டாமல் ஏமாற்றினால் வேலை வாங்கும் முதன்மை முதலாளிதான் பொறுப்பு. நல்லவேளை, என் கணக்கில் கட்டியிருந்தார்கள். 26 வாரத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம் வங்கிக்கு வந்தது. தோடு திரும்பியது. 68 ரூபாயைத் திட்டிய வாயால் அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

வேலை திரும்பக் கிடைத்ததா என்றால், அந்தக் கடையில் இல்லை. வேறு இடம் தேடினேன். சட்டம் எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் இங்கே உட்கார்ந்து சொன்னால் அது பொய். பத்துப் பேர் வேலை பார்க்காத கடைக்கு இந்தச் சட்டம் போகாது. எங்கள் அம்மா மாதிரி பலகாரம் சுடுகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், நாலு பேர் வைத்து ஆத்தங்குடிக் கல் போடுகிற பட்டறைப் பெண்கள், இவர்களுக்கு யார் 26 வாரம் கொடுப்பது? இந்தச் செட்டிநாட்டில் வேலை பார்க்கிற பெண்களில் நான் பார்த்தவரை அவர்கள்தான் அதிகம். மாநில அரசு ஊழியருக்கு 12 மாதம் விடுப்பு கொடுக்கிற தமிழ்நாட்டில், அதிரசம் சுடுகிறவளுக்குப் பன்னிரண்டு நாள்கூட இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு, அதை மறைக்கப்போவதில்லை.

அவர்களுக்கு என்று இருப்பது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். மொத்தம் 18,000 ரூபாய். 14,000 பணமாக, மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பமாகி 12 வாரத்துக்குள் பதிவு செய்துவிடுங்கள். அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அதிலும் மகப்பேறு உதவி உண்டு. பதிவைப் புதுப்பிக்க மறந்துவிட்டு, எட்டாம் மாதத்தில் வந்து நிற்பவர்களைப் பார்க்கிறேன், அதனால் சொல்கிறேன். வழக்கு, மனு என்று வந்தால் வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இன்னொரு எண்ணும் சொல்ல வேண்டும், 14416. மனக் கஷ்டத்துக்குப் பேசுகிற எண், 'டெலி மானஸ்' என்று பெயர். தலைப்பிள்ளைக்கு முன் நான் ராத்திரி முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேனே, அதை மாமியாரிடம் சொன்னபோது, "புள்ளத்தாச்சி கண்டதையும் நெனைக்கக் கூடாது" என்றார்கள். நினைக்காமல் இருப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. வேலை பயம் என்பது கண்டதையும் நினைப்பது இல்லை. அரிசி விலையை நினைப்பது. எனக்கு அந்தப் பயம் குறைந்தது தைரியம் சொன்னவர்களால் இல்லை. நோட்டில் ஒரு நாளை எழுதி முடித்துவிட்டுப் படுத்தால், அன்றைக்கு ராத்திரி எண்ண வேண்டிய வேலை முடிந்துவிடும். அவ்வளவுதான் என் வைத்தியம். எல்லோருக்கும் பலிக்குமா என்றால் சொல்லத் தெரியாது.

எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, ஒரு பெரிய ஓட்டலில் வரவேற்பில் இருக்கிறாள். பழைய செட்டியார் வீட்டை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்களே, அந்த மாதிரி. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. வயிற்றில் ஐந்தாம் மாதம். இ.எஸ்.ஐ. இல்லை, மூன்று மாதத் தாளில் இருக்கிறாள். நேற்றுச் சாயங்காலம் நோட்டோடு வந்தாள். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு தேதியாக விரல் வைத்து எண்ணினோம். 78 வந்தது. மறுபடி எண்ணினோம், 78 தான். தீபாவளிக்கு ஓட்டல் பணியாளர்களுக்கு ஒரு நாள் விடுமுறை விட்டிருக்கிறார்கள். அதற்குச் சம்பளம் பிடித்தார்களா இல்லையா என்று அவளுக்கு நினைவில்லை. இன்றைக்குப் போய்ச் சம்பளச் சீட்டைப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் 79. நாளைக்கும் அவளுக்கு வேலை இருக்கிறது.

வணக்கம்.